கட்டாத கட்டடத்தின் நிழல்

மீராபட்டணத்தில் பெண்களுக்கென்று ஒரு மத்ரஸா கட்டுவதற்காகத் தர்மமாக வக்பு செய்யப்பட்ட மணல் பொட்டலில், ஒரு செங்கல்கூட வந்து இறங்குவதற்கு முன்னால், கட்டடத்தின் நிழல் வந்து விழுந்தது. அது வெள்ளிக்கிழமைக் காலை என்று சிலரும், இல்லை, வியாழன் சாயங்காலமே ஆடுகள் அங்கே போய்ப் படுத்துக்கிடந்ததைப் பார்த்தோம் என்று சிலரும் சொல்வார்கள். அந்த ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் இரண்டு தேதி உண்டு, அந்தச் சண்டைக்குள் நாம் போகவேண்டாம். காலையில் பொட்டலின் மேற்குப் பாதியில் அது கிடந்தது, பகல் ஏற ஏறச் சுருங்கியது, உச்சிப்பொழுதில் தன் காலடிக்குள் ஒடுங்கியது, பிறகு கிழக்கே மெல்ல மெல்ல நீண்டு அந்திநேர மக்ரிபு பாங்கோடு மண்ணில் கரைந்து போயிற்று. எந்தக் கட்டடத்தின் நிழலும் செய்கிற ஒழுங்கான வேலையைத்தான் அதுவும் செய்தது. கட்டடம் மட்டும் இல்லை.

ஜுவைரியா சென்னையிலிருந்து வந்து இறங்கியது அதற்கு மறுநாள். அவள் அந்த ஊர்ப் பெண்தான், மாமா வீட்டில் தங்கிக் கட்டடக்கலை படித்தவள், படித்த ஊரிலேயே நாலு பேர் மதிக்கிற மாதிரி வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவள். ஜமாஅத்தில் கேட்டதும் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவும் ஒரு மூட்டைச் சுண்ணாம்புப் பொடியுமாக வந்துவிட்டாள். பொட்டலைச் சுற்றியிருந்த உயரமான மதிலில் சின்னக் கதவைத் திறந்து உள்ளே வந்தவள் நிழலைப் பார்த்தாள், நிமிர்ந்து வெறும் வானத்தைப் பார்த்தாள், மறுபடி நிழலைப் பார்த்தாள். கூட வந்திருந்த, பெண்களுக்கு மார்க்கம் ஓதிக்கொடுக்கிற ஆலிமா உம்மு சல்மா, "இப்படித்தான் லாத்தா, நேத்திலிருந்து இருக்கு" என்று, அவளை அக்கா முறை வைத்து, வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்கியிருப்பதைச் சொல்கிற தோரணையில் சொன்னாள். ஜுவைரியா செருப்பைக் கழற்றிவிட்டு நிழலுக்குள் காலை வைத்தாள். மணல் குளிர்ந்திருந்தது. அவள் நாடாவைப் பிரித்து, ஒரு முனையை ஆலிமாவின் கையில் கொடுத்தாள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதம் இப்படி. பள்ளிவாசல் கத்தீபு மார்க்கக் கிதாபுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிழலில் உட்காருவதற்குத் தடை ஏதும் காணோம் என்றார். பொருள் இல்லாத நிழலைப் பற்றிக் கிதாபில் ஏதாவது உண்டா என்று கேட்டவரிடம், காலையில் சாப்பிட்டாயா என்று விசாரித்தார். பொட்டலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பரதவப் பெண்கள், வெயில் போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டே மதிலுக்கு அந்தப் பக்கம் பாயை மாற்றிப் போட்டார்கள், மதியக் கஞ்சிக்கு மட்டும் நிழலுக்கு வந்தார்கள். நிழலின் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு வெயில் பட்டையாக உள்ளே ஓடியிருந்தது, அதுதான் வாசல் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வந்தவர்கள் அந்த வெயில் பட்டையில் நின்று ஸலாம் சொல்லி, வலது காலை முன்வைத்து, பிறகுதான் நிழலுக்குள் திரும்பினார்கள். ஒருத்தி அவசரத்தில் சுவரின் நிழலைத் தாண்டி நேராக உள்ளே வந்துவிட்டபோது, ஏட்டி, சுவரை இடிச்சுக்கிட்டா வருவே என்று எல்லோரும் அதட்டினார்கள். அவள் திரும்பிப் போய் வாசல் வழியாக வந்தாள், வந்து உட்கார்ந்த பிறகு தோளைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

வகுப்பு அங்கே இடம் மாறியதற்கும் காரணம் இருந்தது. மீராபட்டணத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆலிமா உம்மு சல்மா பல வருஷமாகத் தன் வீட்டுக் கூடத்தில்தான் ஊர்ப் பெண்களுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு நிக்காஹ் முடிந்ததும் கூடம் புது மாப்பிள்ளையின் கூடமாகிவிட்டது. அந்நிய ஆண் நடமாடுகிற வீட்டுக்குள் பெண்கள் எப்படிக் கூட்டமாக வந்துபோவார்கள்? அதனால் ஆலிமா பாயையும் கரும்பலகையையும் தூக்கிக்கொண்டு நிழலுக்கு வந்தாள். காலையில் மேற்கே ஒரு வகுப்பு, பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு கிழக்கே ஒரு வகுப்பு, உச்சிவேளையில் நிழல் இல்லாததால் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கினார்கள். நிழல் நகர நகர வகுப்பும் நகர்ந்தது. பாதிப் பாடத்தில் எல்லோரும் எழுந்து பாயை இரண்டு முழம் இழுத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து ஓதினார்கள். மேகம் மூடிய நாள் விடுமுறை.

முதல் வரிசையில், ஆலிமாவின் முழங்காலைத் தொட்டுவிடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் சபூரா, ஜுவைரியாவின் ஒரே தங்கச்சி. பொட்டலின் கிழக்கு மதிலை ஒட்டினாற்போல் அவள் வீடு. கணக்கில் அக்காவைத் தூக்கிச் சாப்பிட்டவள் என்று பள்ளிக்கூடத்தில் பேரெடுத்தவள். பதிமூன்று வயதில் பெரிய மனுஷியானதும், போதும் புள்ளே, இனிமே வெளியே போகவேணாம் என்று உம்மா சொல்லிவிட்டாள். மூத்தவள் அதற்கு முன்பே சென்னைக்குப் போயிருந்ததால் தப்பித்தாள், சின்னவள் உள்ளே உட்கார்ந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது முப்பத்துநாலு வயதில், மூன்று பிள்ளை பெற்ற பிறகு, அரபியில் அலிஃபையும் பாவையும் கூட்டி எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் விரலை வைத்துக்கொண்டு ஒரு வரியை முடிக்கும்வரை ஜுவைரியா நாடாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தக் கட்டடம் யாருக்காக என்று கேட்டால் ஊர்ப் பெண்களுக்காக என்று அவள் சொல்வாள். ஆனால் மனசுக்குள் சபூராவுக்காக என்றுதான் வைத்திருந்தாள்.

கட்டடம் வரைகிறவர்கள் முதலில் வரைவார்கள், பிறகு கட்டுவார்கள், கடைசியில்தான் நிழல் விழும். ஜுவைரியா நிழலிலிருந்து கட்டடத்துக்கு நடந்தாள். மணிக்கு ஒரு தடவை நிழலின் ஓரத்தில் சுண்ணாம்புப் பொடியைத் தூவினாள், காலையில் தூவியதையும் மாலையில் தூவியதையும் சேர்த்துப் பார்த்து, நடுவே சுவர் நிற்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தாள். அது மதிலுக்கு இணையாக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்து நிற்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. மற்றதையெல்லாம் பெண்கள் சொன்னார்கள். தொட்டில் கட்ட உத்தரத்தில் வளையம் வேண்டும் என்றார்கள், பால் கொடுக்க மறைவாக ஓர் அறை வேண்டும் என்றார்கள். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்கிற இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டும் என்று முட்டுவலிக்காரி ஒருத்தி சொன்னாள். ஆலிமா மட்டும் ஒன்றே ஒன்றைச் சொன்னாள்.

"தொழற எடத்தைப் பள்ளிவாசல்னு மனசுல நிய்யத்து வெச்சுடாதீங்க லாத்தா. பள்ளின்னு ஆயிட்டா மாசத்துல சில நாளு பொம்பளைக்கு வாசல் அடைச்சிடும். மத்ரஸாவாவே இருக்கட்டும். ஓதக்கூடாத நாள்லேயும் வந்து ஓரமா உக்காந்து காதால கேட்டுட்டுப் போவட்டும்."

ஜுவைரியா அதை எழுதிக்கொள்ளவில்லை. அப்படியான ஒன்றை எழுதித்தான் ஞாபகம் வைக்கவேண்டும் என்றில்லை.

உயரத்தை அவள் ஒரு கம்பை நட்டுப் பார்த்தாள். கம்பின் நிழலையும் கட்டடத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து கணக்குப் போட்டபோது இருபத்துநாலு அடி வந்தது. மறுநாள் வேறொரு நேரத்தில் அளந்தாள், அதே இருபத்துநாலு. ஆக, கீழும் மேலுமாக இரண்டு மாடி. நிழலின் மேல் பாதியில் வரிசையாகத் தெரிந்த வெளிச்சக் கட்டங்கள் மாடியின் ஜன்னல்கள். மேற்கே நுழைகிற வெளிச்சம் கிழக்கே வெளியேறும்படி எதிரும் புதிருமாக ஜன்னல், கடல்காற்று தங்குதடையில்லாமல் குறுக்கே ஓடும், மேலே நின்றால் ஓட்டுக்கூரைகளுக்கு அப்பால் கடல் தெரியும். அவள் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் அந்த ஊரின் எந்த வீட்டிலிருந்தும் ஒரு பெண் கடலைப் பார்த்து அவளுக்கு ஞாபகம் இல்லை. அன்று சாயங்காலம் சந்தோஷம் தாங்காமல் தங்கச்சி வீட்டுக்கு ஓடினாள்.

சபூரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா சொல்லி முடித்ததும் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"மாடியில ஜன்னலா?" என்றாள். "மச்சான் முந்தியே போன்ல சொல்லிட்டாஹ லாத்தா. மதிலுக்குள்ள ஓதுற வரைக்கும் சரியாம். கட்டடம் கட்டும்போது ஜன்னல் இல்லாத கட்டடமா இருந்தாப் போகலாமாம். மாடி, ஜன்னல், அதெல்லாம் தெருவுல போறவன் வாரவன் பார்வை படுற எடமாம். போகவேணாம்னுட்டாஹ."

சபூரா மச்சான் என்று சொன்ன அவள் புருஷன் முஹ்சின் சவூதியில் தம்மாமில் இருந்தான். நல்ல மனுஷன், கை நீளாது, வாயும் நீளாது, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அந்தப் பயம் அவன் ஒருவனுக்கு மட்டும் உள்ளதும் அல்ல. ஜுவைரியா அன்று இரண்டு மாடி வரைபடத்தை விரிக்கவில்லை.

ஜமாஅத் கூடியது அடுத்த வாரம், பொட்டலிலேயே. தலைவர் மஹ்தூம் ஹாஜியார் வந்தார், அவர் வந்தால் வேட்டி நலுங்காத ஒரு அமைதியும் கூடவே வரும். செயலாளர் ரஃபியுத்தீன் வந்தார். அவர் மேற்கே உள்நாட்டுப் பக்கத்து ஊரிலிருந்து இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர், வந்து முப்பது வருஷம் ஆகியும் மாமியார் வீட்டு மீன்குழம்பில் புளி அதிகம் என்று சொல்வதை விடாதவர். உயரத்தை எப்படி முடிவு செய்வது என்று பேச்சு வந்தபோது ரஃபியுத்தீன்தான், மார்க்க விஷயத்துக்கு மார்க்கத்திலேயே அளவு இருக்கும்போது கம்பு எதற்கு, அசர் நேரத்தை நிழலை வைத்துத்தானே அறிகிறோம், அசர் பாங்கு சொல்லும்போது நிழலை அளந்தால் உயரம் தானே வந்துவிடும் என்றார். எல்லோருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. ரொம்ப சரி என்று தாடியைத் தடவிக்கொண்டார்கள்.

பாங்கு ஒலித்ததும் ரஃபியுத்தீன் நாடாவைப் பிடித்துக்கொண்டு அளந்தார், உச்சிப்பொழுதின் சிறு நிழலைக் கழித்து இருபத்துநாலு அடி என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், கண்ணை மூடி ஒரு கணம் யோசித்தார், பிறகு சத்தமாக அறிவித்தார்:

"உயரம் பன்னிரண்டு அடி. ஒத்தை மாடி."

தப்பு எங்கே நடந்தது என்று ஜுவைரியாவுக்கு உடனே விளங்கியது. மார்க்கச் சட்டத்தில் மீராபட்டணம் ஷாஃபி மத்ஹப் வழி. ஒரு பொருளின் நிழல் அந்தப் பொருள் அளவுக்கு நீண்டதும் இங்கே அசர் பாங்கு சொல்லிவிடுவார்கள். ரஃபியுத்தீன் பிறந்த ஊர் ஹனஃபி. அங்கே நிழல் பொருளைப்போல் இரண்டு மடங்கு நீளும்வரை காத்திருப்பார்கள். மனுஷர் மாமியார் ஊரின் பாங்கைக் கேட்டு அளந்துவிட்டு, வாப்பா ஊரின் கணக்கைப் போட்டுப் பாதியாக வகுத்துவிட்டார். முப்பது வருஷமாக இந்த ஊர்ச் சோற்றைத் தின்றும் அசர் மட்டும் அவருக்குள் பழைய ஊரிலேயே நின்றிருந்தது. அவர் கணக்கை மனசுக்குள் போட்டதால் மற்றவர்களுக்கு விடை மட்டும்தான் காதில் விழுந்தது, அந்த விடையும் அவர்கள் ஆசைப்பட்ட விடையாகவே இருந்தது.

"அப்போ மேலே தெரியுற வெளிச்சமெல்லாம்?" என்று ஒருவர் கேட்டார்.

"வென்டிலேட்டர்" என்றார் ரஃபியுத்தீன். "கூரைக்குக் கீழே. ஆள் எட்டிப் பார்க்க முடியாத உயரம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மஹ்தூம் ஹாஜியார், நிஜமான நிம்மதியோடு. பிறகு ஜுவைரியாவின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "என்ன புள்ள, நீ படிச்ச படிப்புக்கு இது சரியாத்தானே இருக்கு?"

ஓலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சபூரா மடியில் கிதாபோடு இருப்பாள். ஜன்னல் இல்லாத கட்டடம். அப்படியென்றால் அவள் வருவாள், அலிஃபிலிருந்து யா வரைக்கும் போவாள், அதற்கு அப்பாலும் போவாள். காற்று வராது, கடல் தெரியாது, வேர்த்துக் கொட்டும். ஆனால் வருவாள். ஜுவைரியா வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினாள்.

நிழல் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. சுருங்கவும் இல்லை, கறுக்கவும் இல்லை, மறுநாள் காலையில் எப்போதும்போல மேற்கே வந்து கிடந்தது. ஜுவைரியாவுக்குத்தான் அதை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டு அடிக்கு வரைபடம் வரைந்தாள், அழகான வரைபடம், தொட்டில் வளையம், பால் கொடுக்கும் அறை, கைப்பிடி எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொரு கோட்டைப் போடும்போதும் இது அவளுக்காக, இது அவளுக்காக என்று சொல்லிக்கொண்டாள். நல்ல காரியத்துக்காகச் செய்கிற தப்பு தப்பில் சேராது என்று நினைப்பது எவ்வளவு சுலபம் என்பது அப்படி நினைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அஸ்திவாரத்துக்கு ஆட்கள் வருவதாக இருந்த வாரத்தில் ஆலிமா தொழுகை நேரங்களைப் பாடமாக எடுத்தாள். கடிகாரம் இல்லாத காலத்தில் எப்படி அறிந்தார்கள் என்று காட்டுவதற்காக ஒவ்வொருத்தியையும் வெயிலில் நிற்கவைத்தாள். தன் நிழலைத் தன் பாதத்தாலேயே அளக்கவேண்டும், குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து. ஆள் உயரம் அவரவர் பாதத்தால் ஆறரை, ஏழு வரும், யாராக இருந்தாலும் சரி. பெண்கள் ஒருத்தி நிழலை ஒருத்தி மிதித்துக்கொண்டு, ஏய், என் தலையிலே நிக்கிறே, தள்ளுடி என்று சிரித்துக் கூத்தடித்தார்கள். பாங்கு ஒலித்தபோது சபூராவின் நிழலும் அவளும் ஒரே உயரமாக இருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திரும்பி, கட்டடத்தின் நிழலைப் பார்த்தாள். வாசலின் வெயில் பட்டையில் தொடங்கிக் குதிகாலும் விரலுமாக நிழலின் நுனிவரைக்கும் நடந்தாள், அவள் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வந்தது. பிறகு கிதாபை எடுத்துக்கொண்டு, வகுப்பு முடிவதற்குள்ளேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜுவைரியா போனபோது சபூரா அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"அது ரெண்டு மாடி" என்றாள்.

ஜுவைரியா அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

"என் காலால அளந்துட்டு வந்தேன். உனக்குத் தெரியாதுன்னு சொல்லிடாதே லாத்தா. உனக்குக் கம்பு இருக்கு, நாடா இருக்கு, படிப்பு இருக்கு. தெரிஞ்சுதான் தலையை ஆட்டினே."

"உனக்காகத்தான் சபூரா. ஜன்னல் வெச்சா உன்னை விடமாட்டாரு. நீ படிக்கணும்னு..."

"எனக்காகன்னு சொல்லாதே." சபூரா கத்தவில்லை, அவளுக்குக் கத்தத் தெரியாது. "பதிமூணு வயசுல என்னை உள்ளே உக்காரவெச்சப்பவும் உம்மா அதைத்தான் சொன்னாஹ. உனக்காகத்தான் புள்ளே, உன் நல்லதுக்குத்தான் புள்ளே. மச்சானும் அதையேதான் சொல்றாஹ. இத்தனை பேரும் எனக்காகன்னு சொல்லிச் சொல்லி எடுத்தது என்னென்னன்னு எண்ணினா எனக்கு மூச்சு முட்டுது. நீ ஒருத்தி எடுக்காம இருந்தே. இப்போ நீயும் எடுத்துட்டே. என்கிட்டேயிருந்து மட்டுமில்லே, எல்லாப் பொம்பளைங்க கிட்டேயிருந்தும்."

ஜுவைரியா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். சபூரா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"சொன்னா நீ போக முடியாதே" என்றாள் ஜுவைரியா கடைசியில்.

"போக முடியாட்டி என்ன? அது என் பாடு. கட்டடத்தைக் குட்டையாக்கி என்னை அதுக்குள்ளே வெச்சுத்தான் நான் படிக்கணுமா?"

மறுநாள் ஜமாஅத் கூடத்தில் ஜுவைரியா இரண்டு வரைபடத்தையும் விரித்தாள். எங்கே பிசகியது என்று சொன்னாள், தனக்கு அன்றைக்கே தெரியும் என்பதையும் சொன்னாள். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ரஃபியுத்தீன் முதலில் சிவந்தார், எங்க ஊரிலே என்று ஆரம்பித்தார், பாதியிலே நிறுத்தினார், விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார், பிறகு, "அடப் பாவி, முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேனே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆசை இருந்தது, மஹ்தூம் ஹாஜியார் இருந்தார்.

ஹாஜியார் இரண்டு வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு மாடியில் விருப்பமில்லை, ஜன்னலில் விருப்பமில்லை, அது அவர் முகத்தில் எழுதியிருந்தது. எழுபது வருஷமாக மதிலுக்கு உள்ளேயும் மதிலுக்கு வெளியேயும் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்த உலகம் அவருடையது. எழுந்து பொட்டலுக்கு நடந்தார், எல்லோரும் பின்னால் நடந்தார்கள். சாயங்கால வெயிலில் நிழல் நீண்டு கிடந்தது, அதன் மேல் பாதியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றும் ஒரு பாய் அளவுக்கு மணலில் வெளிச்சம் விரித்திருந்தன. ஹாஜியார் அதில் ஒன்றின் ஓரத்தில் போய் நின்றார். மிதிக்கவில்லை.

"நம்ம யாரும் கேக்கறதுக்கு முந்தியே வந்து விழுந்தது" என்றார். "பாதியை வெட்டிட்டு மீதியை மட்டும் ஏத்துக்கறதுக்கு நமக்கு என்ன அதிகாரம் இருக்கு? ரெண்டு மாடிதான். கட்டுங்க." கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தி, "உன் தங்கச்சிக்குக் கஷ்டம் வரும் புள்ள" என்றார்.

"அவதான் என்னை அனுப்பினா ஹாஜியார்" என்றாள் ஜுவைரியா.

கட்டடம் எழுந்தது. ஒவ்வொரு வரிசைச் செங்கல்லும் ஏற ஏற அதன் சொந்த நிழல் பழைய நிழலுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, எது வந்த நிழல், எது விழுந்த நிழல் என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. கொத்தனார்களுக்கு வெயில் உறைக்கவே இல்லை. தாங்கள் கட்டப்போகிற சுவரின் நிழலில் நின்றே அந்தச் சுவரைக் கட்டினார்கள். பெண்கள் நிழலின் மறுகோடியில் தட்டி மறைவில் ஓதினார்கள், கலவை போடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி ஓதப் பழகினார்கள், பிறகு அந்தக் குரல் இறங்கவே இல்லை. சபூரா கடைசி நாள் வரைக்கும் வந்தாள். தளம் போட்டு, பூசி, வெள்ளையடித்து, ஜன்னல்களுக்குச் சட்டம் வைத்த அன்று முஹ்சின் போன் செய்தான். திட்டவில்லை, கெஞ்சினான், ஊர் பேசும் சபூரா, எனக்காக இதை மட்டும் செய் என்றான். சரி என்று சொல்லி அவள் போனை வைத்தாள். அவள் கிதாபைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்ததை ஜுவைரியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

திறப்பு நாளன்று அசருக்குப் பிறகு முதல் வகுப்பு மாடியில் நடந்தது. பெண்கள் ஜன்னலோரத்துக்கு ஓடிப்போய்க் கடலைப் பார்த்தார்கள், சிலர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். உயரத்தில் காற்று முக்காட்டை இழுத்தது. ஆலிமா உம்மு சல்மா எல்லோரையும் உட்காரவைத்து, வழக்கம்போல மனப்பாடமாகப் பேர் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தியும் ஹாஜிர் என்றாள். சபூராவின் முறை வந்தபோது ஆலிமா அந்தப் பேரைத் தாண்டிப் போகவில்லை.

"சபூரா."

ஒருத்தி மெதுவாக, "அவ வரமாட்டா ஆலிமா" என்றாள்.

"பேரைக் கூப்பிடறது என் கடமை" என்றாள் ஆலிமா. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, கலவைச் சத்தத்துக்கு மேலே எழுப்பிப் பழகிய அதே குரலில், இன்னொரு தடவை கூப்பிட்டாள். "சபூரா!"

"ஹாஜிர்!" என்றது குரல், கீழே, மதிலுக்கு அப்பாலிருந்து.

வகுப்பே திரும்பியது. கதவோரத்தில் நின்றிருந்த ஜுவைரியா கிழக்கு ஜன்னலுக்கு ஓடினாள். கட்டடத்தின் நிழல் நீண்டுபோய், மதிலைத் தாண்டி, சபூராவின் வீட்டு முற்றத்துக்குள் இறங்கியிருந்தது. ஒற்றை மாடியாக இருந்திருந்தால் மக்ரிபுக்குச் சற்று முன்னால்தான் அங்கே எட்டியிருக்கும். இத்தனை நாளும் அந்த நேரத்தில் சபூரா வகுப்பில் இருந்தாள், அதனால் தன் முற்றத்தில் என்ன விழுகிறது என்று அவள் பார்த்ததே இல்லை. இன்று பார்த்திருக்கிறாள். செருப்பை நிழலின் ஓரத்தில் கழற்றிவிட்டு, பாயை விரித்து, கிதாபைத் துணியிலிருந்து பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, தன் சொந்த வீட்டின் சொந்த முற்றத்தில், எந்த மாப்பிள்ளையும் போகாதே என்று சொல்ல முடியாத இடத்தில், உட்கார்ந்திருந்தாள். மேற்கு ஜன்னலையும் கிழக்கு ஜன்னலையும் ஊடுருவி வந்த சாயங்கால வெளிச்சம் நிழலுக்கு நடுவே ஒரு கட்டமாக அவள் மடியில் விழுந்திருந்தது, அவள் அதில் கிதாபை வைத்து, விரலை வைத்து, வரியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஜுவைரியா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது, தங்கச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் சபூராவே நிமிர்ந்து பார்த்தாள், கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு.

"லாத்தா, கொஞ்சம் விலகி நில்லு" என்றாள். "எழுத்து மறையுது."

ஜுவைரியா விலகி நின்றாள்.